பர்மிங்காம், மே 1963: பிள்ளைகளைத் தெருவில் இறக்கியது சரிதானா?

#1 மழைக்குருவி

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் விவாதப் போட்டி. "உரிமைப் போராட்டங்களில் மாணவர்கள் இறங்கலாமா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு "கூடாது" பக்கம் விழுந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உதாரணத்துக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை எடுத்துக்கொண்டோம். அலபாமா மாநிலம் பர்மிங்காமில் 1963 மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் நிறப் பிரிவினையை எதிர்த்து வகுப்பைவிட்டு வெளியேறி, 16ஆம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் கூடி, அங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் பாடிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். கைது செய்து ஏற்றப் போலீஸ் வண்டி போதாமல் பள்ளிப் பேருந்துகளையே கொண்டுவந்தார்களாம். மறுநாள் அவர்கள் மேல் தீயணைப்புக் குழாயும் நாய்களும். ஆட்ரி ஹென்ட்ரிக்ஸ் என்ற சிறுமிக்கு அப்போது வயது 9. ஏழு நாள் உள்ளே இருந்திருக்கிறாள்.

ஒன்பது வயது என்று படித்ததும் எனக்கே கை நின்றுவிட்டது. "கூடாது" என்று பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை போலிருக்கிறதே என்று தோன்றியது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகசாமி

உங்கள் மகளுக்கு வேலை சுலபம்மா. பெரியவர்கள் சிறைக்குப் போகத் தயங்கினார்கள், ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகளை அனுப்பினார்கள். நான் இட்டுக்கட்டவில்லை. பிள்ளைகளை இறக்கலாம் என்று யோசனை சொன்ன போராட்ட அமைப்பாளர் ஜேம்ஸ் பெவல் அடுக்கிய காரணமே அதுதான்: அப்பா உள்ளே போனால் வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது, பையன் உள்ளே போனால் வீட்டு வருமானத்துக்குச் சேதமில்லை. லாப நஷ்டக் கணக்கு!

உண்மையான ஆண்கள் தங்கள் பிள்ளைகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்த மாட்டார்கள் என்ற கருத்தில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அப்போதே காறித் துப்பினார். அவரும் நானும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

#3 சுண்டெலி

சாமி அண்ணே, ஆரம்பிச்சுட்டீங்களா 😄

பிள்ளைங்களை "அனுப்பினாங்க"ன்னு சொல்றீங்க. அவங்களே வந்தாங்கன்னு ஏன் பார்க்கக் கூடாது? வாசல் கேட்டைப் பூட்டின பள்ளிகள்ல சுவரேறிக் குதிச்சு வந்திருக்காங்க. ரேடியோவுல கறுப்பின அறிவிப்பாளர்கள் சங்கேதமா சொல்லிட்டே இருந்தாங்க: பூங்காவுல பார்ட்டி இருக்கு, டூத்பிரஷ் எடுத்துட்டு வாங்க, சாப்பாடு அங்கேயே கிடைக்கும்னு. எந்தப் பார்ட்டிக்கு டூத்பிரஷ் கேப்பாங்க? ராத்திரி சிறையிலதான்னு புரிஞ்சுதான் வந்தாங்க.

#4 சந்தேகசாமி

ஒன்பது வயசுக்கு என்ன தம்பி புரியும்? என் பேரன் ஒன்பது வயசு. அவனுக்கு டூத்பிரஷ் எதுக்குன்னே இன்னும் புரியலை.

#5 பழையதாள்

சிரித்துவிட்டேன் சாமி. ஆனால் பர்மிங்காமை மட்டும் வைத்துப் பேசினால் விஷயம் கோணலாகத்தான் தெரியும். பெரியவர்களுக்குத் தெரியாமலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வர்ஜீனியா மாநிலம், பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), ஃபார்ம்வில் என்ற சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி. சுமார் 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450க்கும் மேல் படித்தார்கள். இடம் போதாததற்குத் தார்ப்பேப்பர் ஒட்டிய கொட்டகைகள். உள்ளே ஒரு அடுப்பு. அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், மூலையில் உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்ற மாட்டான், மழை பெய்தால் இருவருக்கும் ஒழுகும். வெள்ளையர் பள்ளியில் உடற்பயிற்சிக்கூடம், உணவுக்கூடம் எல்லாம் உண்டு.

அங்கே படித்த பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் 1951 ஏப்ரல் 23 அன்று செய்த வேலையைக் கேளுங்கள். நம் பிள்ளைகள் ஊரில் வம்பில் மாட்டியிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்குப் போன் போகிறது. அவர் பதறிக் கிளம்புகிறார். அவர் எழுதியது போலவே ஒரு சீட்டு ஒவ்வொரு வகுப்புக்கும் போகிறது: எல்லோரும் உடனே அரங்கத்துக்கு வரவும். வந்து உட்கார்ந்தால், திரை விலகுகிறது, மேடையில் தலைமையாசிரியர் இல்லை, பார்பரா நிற்கிறாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்கிறாள். தயங்கியவர்கள் காதில் விழட்டும் என்று காலணியைக் கழற்றி பெஞ்சில் ஓங்கித் தட்டுகிறாள். அன்றைக்கே மொத்தப் பள்ளியும் வேலைநிறுத்தம். இரண்டு வாரம் ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை.

வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்தார்கள். நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், கறுப்பினத்தவருக்குத் தனிப்பள்ளி என்ற முறையையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் கேட்டது கட்டடம். சம்மதித்தது அதைவிடப் பெரிய சண்டைக்கு. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த பிரௌன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் இது ஒன்று. ஐந்தில் மாணவர்கள் தொடங்கி வைத்தது இது மட்டும்தான்.

#6 மழைக்குருவி

காலணி சமாச்சாரத்தைக் கேட்டதிலிருந்து மகள் "நான் கட்சி மாறலாமாம்மா" என்கிறாள். நன்றி பழையதாள் ஐயா, என் தலையில் மண்ணைப் போட்டதற்கு.

#7 வக்கீல்குமாஸ்தா

பழையதாள் சார் பாதியிலேயே நிறுத்திட்டார். மீதியும் தெரியட்டும், மகளுக்கு உதவும்.

தீர்ப்பு வந்து, பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தே ஆகணும்னு உத்தரவு இறுகினதும், பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி நிர்வாகம் 1959ல் பொதுப் பள்ளிகளை மொத்தமா இழுத்து மூடிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஆரம்பிச்சாங்க. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியே கிடையாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை, அஞ்சு வருஷம். சர்ச் அடித்தளங்கள்ல தாய்மார்கள் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாங்க. சிலரை வெளிமாநில வீடுகளுக்கு அனுப்பிப் படிக்க வச்சாங்க. பலர் வயக்காட்டு வேலைக்குப் போனாங்க. 1964 மே மாசம் உச்ச நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில் தலையிட்ட பிறகுதான் பொதுப் பள்ளி திறந்தது. 1959ல் ஆறு வயசா இருந்த பையனுக்கு அப்போ பதினொரு வயசுன்னு வச்சுக்கோங்க.

2004ல் வர்ஜீனியா அரசு, அப்போ படிப்பை இழந்தவங்களுக்குன்னு உதவித்தொகைத் திட்டமே கொண்டுவந்தது. ஐம்பது வயசைத் தாண்டினவங்க திரும்பப் புத்தகத்தை எடுத்தாங்க.

#8 சந்தேகசாமி

அப்படிப் போடு! வேலைநிறுத்தம் செய்தவர்கள் படித்து முடித்துவிட்டார்கள். வயிற்றில் அடி விழுந்தது அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு. குருவி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

#9 வக்கீல்குமாஸ்தா

எழுதலாம். ஆனா பள்ளியை மூடினது பார்பரா இல்லையே சார். மூடினது கவுன்ட்டி நிர்வாகம். கதவை உடைச்ச திருடனை விட்டுட்டு, பூட்டு வாங்கச் சொன்னவளைக் கேள்வி கேக்கறாப்பல இருக்கு.

பார்பராவையும் சும்மா விடலை. மிரட்டல் வந்து, மான்ட்கோமரியில் இருந்த அப்பாவோட சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பின்னாடி நூலகரா வேலை பார்த்து 1991ல் இறந்தாங்க. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா சார்பா நின்ன ராபர்ட் லீ (உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதி) சிலையை 2020ல் எடுத்தாங்க. பதிலுக்கு யார் சிலைன்னு வர்ஜீனியா முடிவு பண்ணுச்சு தெரியுமா? இந்தப் பொண்ணோடது.

#10 சுண்டெலி

இளைஞர்னாலே உணர்ச்சிவசப்பட்டு ஓடுறவன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுதான் எனக்குக் கடுப்பு. டென்னசி மாநிலம் நாஷ்வில்ல என்ன நடந்துச்சுன்னு படிங்க. ஜேம்ஸ் லாசன்னு ஒருத்தர், மாணவர்களை உட்கார வச்சு மாசக்கணக்கா பயிற்சி கொடுத்தார். பாதிப் பேர் வெள்ளை ரவுடியா நடிப்பாங்க. நாற்காலியை இழுத்து விடுவாங்க, வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க, முகத்துல சிகரெட் புகையை விடுவாங்க. மீதிப் பேர் கை ஓங்காம, அதே சமயம் கண்ணைத் தாழ்த்தாம உட்காரணும். டயான் நாஷ், ஜான் லூயிஸ் எல்லாம் இந்தப் பட்டறையில வந்தவங்கதான்.

1960 பிப்ரவரி 1, நார்த் கரோலினாவோட கிரீன்ஸ்பரோவுல நாலு கறுப்பின முதலாண்டு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும்னு இருந்த உல்வொர்த் கடை உணவுக் கவுன்ட்டர்ல போய் உட்கார்ந்தாங்க. அது நாடெல்லாம் பரவுனப்போ, நாஷ்வில் ஆளுங்க தயாரா இருந்தாங்க. பிப்ரவரி 27 அடி விழுந்துச்சு. போலீஸ் அடிச்சவனை விட்டுட்டு உட்கார்ந்தவங்களைப் பிடிச்சுச்சு. ஒரு வரிசையை இழுத்துட்டுப் போனா அடுத்த வரிசை வந்து அதே ஸ்டூல்ல உட்காருது. மே 10, கவுன்ட்டர் கறுப்பினத்தவருக்கும் திறந்துச்சு. இது ஆவேசமா? பரீட்சைக்குப் படிக்கிறதைவிட ஒழுங்கா இருக்கு.

#11 கணக்குப்புலி

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். முப்பது வருடம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவன், எனவே கொஞ்சம் நீளும்.

எல்லோரும் ஊர்வலத்தையும் உட்காருவதையும் பேசுகிறீர்கள். படம் எடுக்க வாகாக இருக்கும், செய்தித்தாளில் வரும். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த ஆள் பாப் மோசஸ். நியூயார்க்கில் கணக்கு வாத்தியார். 1961ல் மிசிசிப்பியின் மெக்கோம் ஊருக்குப் போகிறார், வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க. அங்கே பேர் சேர்ப்பது என்றால் சும்மா இல்லை. 21 கேள்விகள் உள்ள படிவம். மாநில அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். பதிவாளர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சுட்டி, எழுதி விளக்கு என்பார். விளக்கம் சரியா என்று மார்க் போடுபவரும் அவரே. விடைத்தாள் திருத்துகிறவரே கேள்வியை மாற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பையன் பாஸாவான்? மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அப்போது பட்டியலில் இல்லை.

இந்த வேலைக்கு உதவிய ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியை செப்டம்பர் 25 அன்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே சுட்டுக் கொன்றார். தண்டனை கிடையாது. இன்னொரு பக்கம், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்ததற்காகச் சிறை போய்வந்த பிரெண்டா டிராவிஸ் என்ற பள்ளி மாணவியை, அவள் படித்த பர்க்லண்ட் உயர்நிலைப் பள்ளி திரும்பச் சேர்க்க மறுத்தது. அக்டோபர் 4 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். இனி கலந்துகொள்ள மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் உள்ளே, இல்லையேல் வெளியே என்றது பள்ளி. நிறையப் பேர் போடவில்லை.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறியும். பள்ளியை இழந்த பிள்ளைகளுக்கு மோசஸும் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? அடுத்த ஊர்வலத்துக்கா கூப்பிட்டார்கள்? இடம் பிடித்துப் பள்ளி ஆரம்பித்தார்கள். "அகிம்சை உயர்நிலைப் பள்ளி" என்று பெயர். மோசஸ் கணக்கு, சக் மெக்டியூ வரலாறு. சில வாரம்தான் ஓடியது, வாத்தியார்களையே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பிள்ளைகளை ஜாக்சன் நகரில் ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது.

சாமி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. பிள்ளை இறங்கலாமா என்பதோடு நிறுத்தாதீர்கள். இறங்கிய பிள்ளைக்கு மறுநாள் காலை யார் பாடம் எடுப்பது என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருப்பவனுக்குத்தான் பிள்ளையைக் கூப்பிட அருகதை.

#12 சந்தேகசாமி

வாத்தியாரே, இதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பள்ளி விஷயம் எனக்குத் தெரியாது.

ஆனால் பர்மிங்காமில் அந்த ஏற்பாடு இருந்ததா?

#13 வக்கீல்குமாஸ்தா

ஓரளவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கல்வி வாரியம் நீக்குச்சு. அந்த வாரமே மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதைத் தடுத்து, பிள்ளைகள் திரும்ப வகுப்புக்குப் போனாங்க. வக்கீல் தயாரா நிக்கலேன்னா அந்த வருஷப் படிப்பு காலி. ஜாமீனுக்கு 1,60,000 டாலர் வேணும்னதும் மோட்டார் தொழிலாளர் சங்கம் உட்பட பெரிய தொழிற்சங்கங்கள் சேர்ந்து திரட்டிக் கொடுத்தாங்க. மே 10, போராட்டக்காரங்களுக்கும் நகர வணிகர்களுக்கும் உடன்பாடு வந்துச்சு.

ஆனா செப்டம்பர் 15, அதே 16ஆம் தெரு சர்ச்சில் குண்டு. ஞாயிறு காலை. நாலு பெண் குழந்தைகள். மூணு பேருக்கு 14 வயசு, ஒருத்திக்கு 11. இதை யாராலயும் எந்த ஏற்பாட்டாலயும் ஈடுகட்ட முடியலை. அதையும் சொல்லாம இருக்க முடியாது.

#14 மட்டுறுத்துநர்

இடையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வேறு நாட்டு அரசியல் கட்சிச் சண்டை இந்த இழைக்கு வேண்டாம்.

#15 பழையதாள்

"பெரியவர்கள் பிள்ளைகளின் பின்னால் ஒளிந்தார்கள்" என்ற சாமியின் குற்றச்சாட்டுக்கு ஒன்று. அலபாமாவின் செல்மா. பிள்ளைகள் மறியலில் இருந்தார்கள், ஆசிரியர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர் கல்வி வாரியம், ஒரு கையெழுத்தில் வேலை போகும். காரணமில்லாத பயமில்லை அது. சவுத் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியையை, உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காகவே நாற்பது வருடப் பணிக்குப் பிறகு 1956ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1965 ஜனவரி 22. செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் வாக்குரிமை கேட்டு நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்தார்கள். நல்ல உடை, தொப்பி, கையுறை. கையில் டூத்பிரஷ். சிறைக்குத் தயார் என்பதற்கு அடையாளம். படிக்கட்டில் ஷெரிஃப் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) தடியால் தள்ளினார், மறுபடி ஏறினார்கள். திரும்பி வந்தபோது மாணவர்கள் ஆர்ப்பரித்து வரவேற்றிருக்கிறார்கள். தங்கள் வாத்தியாரும் டீச்சரும் அப்படி நடந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

#16 சுண்டெலி

அங்கயும் டூத்பிரஷ்! 😮

பழையதாள் ஐயா, வேலை போன பிறகு செப்டிமா கிளார்க் என்ன பண்ணாங்க?

#17 பழையதாள்

வேலை போனவர் மேலும் நிறைய பேருக்குப் பாடம் எடுத்தார். சவுத் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில், கடை ஒன்றின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி. முன்னால் மளிகை, சந்தேகம் வராது. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவரைத்தான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள், படிக்க வருகிறவர்களைத் தாழ்வாகப் பார்க்க மாட்டார் என்று. என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களையே கேட்டார். தன் பெயரை எழுத, மணியார்டர் நிரப்ப, வெளியூரில் இருக்கும் மகன் கடிதத்தைத் தானே படிக்க. அங்கிருந்துதான் வாக்குரிமைப் படிவத்துக்கு வந்தார்கள். அப்பா அம்மா இப்படி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பிறகு தெருவில் நடந்தது.

#18 கணக்குப்புலி

அதே முறைதான் 1964 கோடையில் மிசிசிப்பி "சுதந்திரப் பள்ளி"களிலும். ஸ்னிக் என்ற மாணவர் அமைப்பின் சார்லி காப் போட்ட யோசனை. ஆயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். சின்னக் குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை. பாடத்திட்டமே கேள்விகளாக இருந்தது: பெரும்பான்மையிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும்? எது வேண்டாம்? நம்மிடம் இருப்பதில் எதை விடக் கூடாது? பிள்ளைகள் தாங்களே பத்திரிகை தட்டச்சு செய்து வெளியிட்டார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த வெள்ளைக் கல்லூரி மாணவர்கள். ஜாமீனுக்கென்று ஆளுக்கு 500 டாலர் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏழை வீட்டுப் பையனால் வர முடியுமா? அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. கோடை தொடங்கும்போதே, ஜூன் 21 அன்று, நெஷோபா கவுன்ட்டியில் வாக்குரிமைப் பணியில் இருந்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரையும் கொன்றார்கள். 21, 20, 24 வயது.

இன்னொன்று, தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகி. மோசஸ் 1982ல் மறுபடி கணக்குக்குத் திரும்பினார். மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா இல்லை என்று தானே போய் எடுக்க ஆரம்பித்தார். மிகை எண், குறை எண் புரியாத பிள்ளைகளை சுரங்க ரயிலில் ஏற்றி, எந்தப் பக்கம், எத்தனை நிலையம் என்று எண்ண வைத்தார். நான் இதைப் படித்த வருடம் என் வகுப்பில் மாடிப்படியில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஆறு பேருக்குப் புரிந்தது, ஒருவனுக்குக் கால் சுளுக்கியது.

#19 மழைக்குருவி

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கட்சி மாறவில்லை. "கூடாது" பக்கமே நின்று, பின்னால் வக்கீலும் பள்ளியும் இல்லாமல் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடக் கூடாது என்று பேசப் போகிறாளாம். நடுவர் ஒத்துக்கொள்வாரோ என்னவோ.

அவள் கேட்ட கேள்வி ஒன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கோடை முடிந்து அந்தக் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்களே, செப்டம்பரில் அந்தப் பிள்ளைகள் பழைய பள்ளிக்குத்தானே திரும்ப வேண்டும்? அப்போது என்ன ஆனது?

#20 வக்கீல்குமாஸ்தா

கெட்டிக்காரப் பொண்ணு. சரியா அந்த செப்டம்பர்லயே ஒண்ணு நடந்துச்சு.

அந்த மூணு பேரைக் கொன்ன நெஷோபா கவுன்ட்டியிலேயே, ஃபிலடெல்ஃபியாங்கிற ஊர்ல (பெரிய ஃபிலடெல்ஃபியா இல்லை, மிசிசிப்பியில் உள்ளது) கறுப்பின உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் ஒரு பட்டன் குத்திட்டு வகுப்புக்கு வந்தாங்க. சுத்தி "ஒரு ஆள், ஒரு ஓட்டு", நடுவுல ஸ்னிக்னு எழுத்து. கழட்டுன்னாங்க. கழட்டலை. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தாய்மார்கள் வழக்குப் போட்டாங்க. 1966ல் பர்ன்சைடு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்னுச்சு: பாடம் நடக்கிறதைப் பெரிசாக் கெடுக்காத வரைக்கும் பட்டனைத் தடுக்க முடியாது. 1969ல் உச்ச நீதிமன்றம் டிங்கர் வழக்கில் (வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிய மாணவர்கள்) எடுத்துக்கிட்ட அளவுகோல் இந்தப் பட்டன் வழக்கோடதுதான்.

அவளோட பக்கத்துக்கும் ஒண்ணு தர்றேன். அதே நாள், அதே நீதிபதிகள், இசக்கீனா கவுன்ட்டியில் இருந்து இன்னொரு பட்டன் வழக்கு. அங்கே பிள்ளைகள் வேண்டாம்னவங்க சட்டையிலும் பிடிச்சுக் குத்திவிட்டு, வராந்தாவில் ரகளை. தோத்துட்டாங்க.

#21 சந்தேகசாமி

இரண்டாவது வழக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

#22 மழைக்குருவி

அவளுக்கு முதலாவது. அந்தப் பட்டனின் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளப் போகிறாளாம். போட்டிக்குக் குத்திக்கொண்டு போகலாமா என்று வகுப்பாசிரியையைக் கேட்டிருக்கிறாள், நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.